ஏரி பச்சையானதற்கு டிஏபிதான் காரணமா?

வாசகர் கேள்வி: 12.09.2024, காலை 7.15

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நாற்பது ஏக்கர் ஏரி. இரண்டு வாரமாகப் பச்சைப் பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியது போலக் கிடக்கிறது. கரையோரம் ஒரு வாடை. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. தக்காளிக்குப் போடும் டிஏபி உரம் மழையில் கரைந்து ஏரிக்கு வருவதால்தான் இப்படி என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

12.09.2024, இரவு 9.40

உண்மைதான். நான் உரம் விற்றவன். போச்சம்பள்ளிப் பக்கம் ஓர் உரக்கடையில் பதினான்கு வருடம் பில் போட்டேன். இப்போது மச்சினனோடு சேர்ந்து இரண்டரை ஏக்கர் பார்க்கிறேன். கீழ்க் கொல்லையில் தக்காளி, மேட்டுக் கொல்லையில் கேழ்வரகு, வரப்பில் நான்கு மாமரம். நீங்கள் எந்த ஏரியைச் சொல்கிறீர்கள் என்று ஊகித்துவிட்டேன். எங்கள் கொல்லைத் தண்ணீரும் அதற்குத்தான் போகிறது. ஆக, விற்றவன், போட்டவன் என்று இந்தக் குற்றப்பத்திரிகையில் என் பெயர் இரண்டு இடத்தில் வரும்.

பாசியைக் கொழுக்க வைப்பது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். டிஏபி மூட்டை 50 கிலோ. அதில் 46 சதவீதம் மணிச்சத்து, ஆக 23 கிலோ பாஸ்பரஸ். ஏக்கருக்கு இரண்டு மூட்டை. ஊர் முழுக்கப் பெருக்கிப் பாருங்கள். ஏரி பச்சையாகாமல் வேறென்ன செய்யும்?

காய்ச்சாத வெறும் தண்ணீரைத்தான் இத்தனை நாளும் பச்சைத் தண்ணீர் என்றோம். இனி வேறு பெயர் பார்க்க வேண்டும்.

13.09.2024, காலை 6.05

கணக்கு தப்பு. ராத்திரியே ஒருவர் தனியாக எழுதிக் குட்டிவிட்டார். மூட்டையில் அச்சிட்டிருக்கும் 46 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவு. அதில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். 23 கிலோவில் அசல் பாஸ்பரஸ் 10 கிலோதான். அதே முறையில், 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் மூன்றரைக் கிலோ.

பதினான்கு வருடம் விற்றவனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். கடையில் யாரும் கேட்டதில்லை. "பதினெட்டு நாற்பத்தாறு இரண்டு மூட்டை" என்பார்கள் (டிஏபியைத்தான்: தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் 18, மணிச்சத்து 46), பில் போடுவேன்.

13.09.2024, இரவு 10.20

இன்னொரு தப்பு, இது பெரியது. "மழையில் கரைந்து நேராக ஏரிக்கு வருகிறது" என்ற பேச்சுக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது. கொல்லையில் தண்ணீர் கட்டும்போதுதான் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது.

ஓர் ஐப்பசி. கிழிந்த யூரியா மூட்டை ஒன்றும் டிஏபி மூட்டை ஒன்றும் கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்தன. முதலாளி ஊரில் இல்லை, எனக்கும் அலட்சியம். நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் யூரியா சாக்கு துவைத்துப் போட்டது போலக் காலி. டிஏபி குருணையோ கொட்டிய இடத்திலேயே குவியலாக இருந்தது. எடுத்து நசுக்கினால் உள்ளே வெறும் சேறு. சத்து இறங்கிவிட்டது, கூடு மட்டும் மிச்சம். (வயலில் இந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு "உரம் கரையவே இல்லை, போலி" என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்!)

இறங்கிய சத்து எங்கே போனது? முதலில் அந்த இடத்தில் புல் கருகியது. பிறகு இரண்டு வருடம் குப்பைமேனி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது, மூட்டை கிடந்த வட்டத்துக்குள் மட்டும். வட்டத்தைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகவில்லை.

நம்முடையது செம்மண். சிவப்பு என்றால் இரும்பு. இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் அந்த வேலையைக் கால்சியம் செய்யும். தழைச்சத்து தண்ணீரோடு கீழே இறங்கி ஓடிவிடும். மணிச்சத்து மண்ணுக்குள் சில மில்லிமீட்டர் நகர்வதே அதிகம். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதனால்தான் அதை அடியுரமாக, விதைக்குப் பக்கத்தில் போடச் சொல்கிறார்கள். போட்டதில் முதல் பயிருக்குக் கிடைப்பது பத்து முதல் இருபத்தைந்து சதவீதம். மீதி மண்ணோடு மண்.

15.09.2024, மதியம் 2.30

"அப்படியானால் டிஏபி நிரபராதியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் இல்லை. பாஸ்பரஸுக்கு நீந்தத் தெரியாது, சவாரி செய்யத் தெரியும். மண் துகளைப் பிடித்துக்கொண்டு, மண் போகிற இடத்துக்கெல்லாம் போகும். செம்மண் கலங்கிய தண்ணீர் ஓடினால் அதில் பாஸ்பரஸும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கு எவ்வளவு வந்தால் போதும் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நாற்பது ஏக்கர், சராசரி ஐந்தடி ஆழம்; ஏறக்குறைய 2 லட்சத்து 47 ஆயிரம் கன மீட்டர் தண்ணீர். கன மீட்டருக்கு 35 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டினால் ஊட்டம் மிகுந்த ஏரி என்பது ஏரி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று. பெருக்கினால் சுமார் எட்டரைக் கிலோ.

எட்டரைக் கிலோ! ஒரு டிஏபி மூட்டையில் இருப்பதே பத்து. இரண்டு முறை சரிபார்த்தேன். மச்சினனிடம் கொடுத்தும் போடச் சொன்னேன். அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறு. அதே விடைதான் வந்தது.

ஊரில் போடுகிற உரத்தில் நூறில் ஒரு பங்கு வழிந்து வந்தாலே ஏரிக்கு அது கல்யாண விருந்து.

17.09.2024, காலை 8.10

"காற்றில் வராதா?" என்ற கேள்விக்கு: தழைச்சத்துக்கு ஆகாய வழி உண்டு. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். கரிக்கும், அதாவது கார்பனுக்கும், அப்படி ஒரு வழி இருக்கிறது. பாஸ்பரஸுக்கு மட்டும் ஆவியாகி மேலே போய் மழையாக இறங்கும் வசதி ஏறக்குறைய இல்லை. போனால் புழுதியாகத்தான் போக வேண்டும்.

அப்படியும் போகிறது. ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் போடேலே பள்ளம் பழைய ஏரியின் அடிமடி. அங்கிருந்தும் சகாராவின் மற்ற இடங்களிலிருந்தும் கிளம்பும் புழுதி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது. அதில் வருடத்துக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் என்று நாசா செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 2015-இல் கணக்கிட்டார்கள். காட்டில் மழை அடித்துப் போவதற்கும் அதற்கும் ஏறக்குறைய சரியாகப் போகிறதாம்.

நமக்கும் ஆடிக் காற்று இருக்கிறது. என் கொல்லைப் புழுதி பக்கத்து வீட்டு மொட்டைமாடி வற்றலில் விழுகிறது. அங்கிருந்து வருவது வசவு மட்டும்.

22.09.2024, இரவு 11.00

தக்காளிக்குப் பற்று வரவு எழுதினேன். தூக்கம் போய்விட்டது.

பற்று: ஏக்கருக்கு அடியுரம் டிஏபி இரண்டு மூட்டை, 20 கிலோ பாஸ்பரஸ். பூ எடுக்கும்போது 17:17:17 கலப்பு உரம் ஒரு மூட்டை, அதில் மூன்றே முக்கால். ஆக 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

வரவு: நூறு கிராம் தக்காளியில் பாஸ்பரஸ் 24 மில்லிகிராம் போல. 25 கிலோ பெட்டிக்கு ஆறு கிராம். ஏக்கருக்கு 20 டன் எடுத்தேன் என்று வையுங்கள், 800 பெட்டி. மொத்தம் ஐந்து கிலோகூட இல்லை.

மீதி 19 கிலோ என் கொல்லையிலேயே நிற்கிறது. ஒவ்வொரு பருவமும் நிற்கிறது. ராயக்கோட்டை மண்டிக்கு நான் அனுப்பியது பெரும்பாலும் தண்ணீர். விலை விழுந்து சாலையோரம் கொட்டிய வருடம் அந்த ஐந்து கிலோவும் ஓடைக்குத்தான் போனது.

கேழ்வரகு வேறு மாதிரி. நூறு கிலோ மூட்டையில் 280 கிராம் பாஸ்பரஸ் வெளியே போகிறது, அதே எடைத் தக்காளியைவிடப் பத்து மடங்குக்கு மேல். மணிக்குள் போய்ச் சேரும் சத்துக்கு மணிச்சத்து என்று பெயர் வைத்தவரை நினைத்துக்கொண்டேன். அந்த மேட்டுக் கொல்லைக்கு நான் டிஏபி போட்டே ஆறு வருடம் இருக்கும். எடுக்கிற இடத்தில் போடவில்லை, எடுக்காத இடத்தில் கொட்டுகிறேன்.

மண்வள அட்டையைத் தேடி எடுத்தேன். பீரோவில் ரேஷன் அட்டைக்கு அடியில் பிரிக்காமல் இருந்தது. மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து கீழ்க் கொல்லையில் ஹெக்டேருக்கு 38 கிலோ, மேட்டுக் கொல்லையில் 8 கிலோ. நம் வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் 11-க்குக் கீழே குறைவு, 22-க்கு மேலே அதிகம். நான் இரவெல்லாம் போட்ட கணக்கை மூன்று வருடத்துக்கு முன்பே அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

29.09.2024, மாலை 5.45

ஒன்றை மறைத்துவிட்டேன், எழுதிவிடுகிறேன். நம் ஏரியை மீனுக்குக் குத்தகை எடுத்தவர் வருடா வருடம் சாணியும் சூப்பரும் ஏரியிலேயே கொட்டுவார். தண்ணீர் லேசாகப் பச்சை கட்டினால்தான் கட்லாவுக்கு நுண்ணுயிர்த் தீனி. மீன் வளர்ப்பில் இது வழக்கம்தான், சட்டிக்கு உப்பு போல. அளவு முக்கியம். அவர் வாங்கிய சூப்பர் மூட்டைகளுக்குப் பில் போட்டவன் அடியேன். ஒரு தடவையும் "எந்தப் பயிருக்கு?" என்று கேட்டதில்லை.

எனவே டீக்கடைத் தீர்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும்.

30.09.2024, காலை 6.30

குத்தகைக்காரர் இந்த இழையைப் படித்துவிட்டார். போனில் கத்தினார். "தெருச் சாக்கடை ஏரியில் விழுகிறதே, அதை எழுதினாயா?" என்றார். நியாயம்.

ஒரு மனிதன் ஒரு நாளில் வெளியேற்றும் பாஸ்பரஸ் ஒரு கிராம் முதல் ஒன்றரை கிராம். வருடத்துக்கு அரைக் கிலோ. பாதிக்கு மேல் சிறுநீரில். 1669-இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் கிடைக்கும் என்று சிறுநீரைக் குடம் குடமாகக் காய்ச்சினார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ். நம் ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர் என்றால் வருடத்துக்கு 900 கிலோ. தொண்ணூறு டிஏபி மூட்டை! கழிவறைக் குழியில் இறங்குவதைப் பெரும்பாலும் மண் பிடித்துக்கொள்ளும். சாக்கடையில் கலப்பதற்கு அந்தத் தடை இல்லை, கரைந்த நிலையிலேயே ஏரிக்குப் போகும். பாசிக்கு அதுதான் உரித்த பழம். மண்ணோடு வருவது தோலோடு வரும் பழம்.

06.10.2024, காலை 10.15

ஓசூர்க்காரர் ஒருவர் கெலவரப்பள்ளி அணை நுரையின் படத்தைப் போட்டு "இதுவும் பாஸ்பரஸ்தானே?" என்கிறார். நுரையைக் கட்டுவது சோப்பின் நுரைப்பொருள். கழிவும் சேர்ந்து, மதகில் தண்ணீர் விழுந்து கடையும்போது பனிமலை ஆகிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிசலையும் வாங்கிக்கொண்டுதான் நம் எல்லைக்குள் வருகிறது. நுரை கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. கூடவே வரும் பாஸ்பரஸ் சத்தமில்லாமல் செடிக்குத் தீனி போடுகிறது. அணையில் மிதக்கும் ஊதாப்பூச் செடியைப் பாருங்கள். (அது ஆகாயத்தாமரை இல்லை, வெங்காயத்தாமரை. காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். இதற்காக இங்கே யாரும் சண்டை போட வேண்டாம்.)

பாசிக்குப் பாஸ்பரஸ்தான் சாவி என்பதற்குச் சாட்சி கேட்டவருக்கு: 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியைப் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகத் தடுத்தார்கள். டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் வேலை. ஒரு பக்கம் கரியும் தழைச்சத்தும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சை. மேலிருந்து எடுத்த படத்தில் நடுவே கோடு கிழித்தது போலத் தெரியும். தழைச்சத்தைக் குறைத்தாலும் நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸை அப்படி எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.

20.10.2024

டிஏபி தட்டுப்பாடு. ஒரு கடையில் டிஏபி வேண்டுமென்றால் வேண்டாத டப்பா ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொன்னார்கள். இந்த வித்தையெல்லாம் எனக்கே தெரியும், என்னிடமேவா? திரும்பிவிட்டேன். இந்தியாவில் ராஜஸ்தானின் ஜாமர்கோட்ரா போலச் சில இடங்களில்தான் பாஸ்பேட் பாறை வெட்டுகிறார்கள். உலக இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும். அங்கே கப்பல் தாமதமானால் இங்கே எனக்கு டப்பா.

கீழ்க் கொல்லைக்கு இந்தப் பருவம் மணிச்சத்தே போடப் போவதில்லை. மேட்டுக் கொல்லைக்கு ஊட்டமேற்றிய தொழு உரம்: சூப்பரைத் தொழு உரத்தில் கலந்து ஒரு மாதம் மூடி வைத்திருக்கிறேன். மச்சினன் நம்பிக்கையில்லாமல் பார்க்கிறான்.

03.12.2024, இரவு 8.00

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. இப்போதுதான் போனில் சார்ஜ். ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. ஏரி வழிந்து, நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை போல அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் சேதமில்லை. கீழ்க் கொல்லையில் தக்காளி இல்லை, குச்சிகள் மட்டும் படுத்திருக்கின்றன.

நம் ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிகிறது. நின்று பார்த்தேன். தண்ணீரின் நிறம் செங்கல் சூளை மண்ணைக் குழைத்தது போல. என் கொல்லைக் கழிவாயில் ஒரு லிட்டர் புட்டியில் பிடித்து வந்து ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் மண் போனால் ஐந்தரை டன். டன் மண்ணில் பாஸ்பரஸ் கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கும். என்னுடையது உரம் தின்று கொழுத்த மேல்மண். போனது ஒரு மில்லிமீட்டரா, ஐந்தா? மாமரத்தின் வேர் வெளியே தெரிகிறது.

04.12.2024, காலை 7.00

புட்டியின் அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு மண் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் இன்னும் டீ நிறம். அந்தப் படியாத பொடிக் களிமண்தான் விஷயம். பொடியாக ஆக மேற்பரப்பு அதிகம், பிடித்திருக்கும் பாஸ்பரஸும் அதிகம். அதுதான் தூரம் போகும். நம் கோடி, ஓடை, பாம்பாறு, தென்பெண்ணை, சாத்தனூர், கடலூர். அங்கிருந்து கடலடி. கடலடி மீண்டும் மலையாகக் கோடிக்கணக்கான வருடம் வேண்டும். அது வரை மொராக்கோவில் வாங்க வேண்டும்.

27.12.2024, இரவு 9.15

"சாமல்பட்டியில் பாஸ்பேட் பாறை இருக்கிறதாமே, தோண்டலாமே" என்று ஒருவர். சாமல்பட்டியில் இருப்பது கார்போனடைட் என்ற அபூர்வப் பாறை. அந்த வகைப் பாறையில் அபடைட் என்ற கனிமம் வழக்கமாக இருக்கும். அபடைட் என்றால் கால்சியம் பாஸ்பேட், அநேகமாக ஃப்ளோரைடும் சேர்ந்தது. இருப்பதெல்லாம் தோண்டும் அளவுக்கு இருப்பதாகிவிடாது.

ஆனால் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் அந்தக் குடும்பத்தை வாயிலேயே சுமக்கிறோம். பல்லும் எலும்பும் அபடைட் வகைதான். உடம்பில் இருக்கும் பாஸ்பரஸில் 85 சதவீதம் அங்கேதான். நம் கடினப் பாறைகளின் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு போர் தண்ணீரில் இறங்கி, பல்லில் காவிக் கறையாக ஏறுகிறது. என் முன்பற்களைப் பார்த்தால் புரியும். போர் தண்ணீருக்குப் பதிலாக வந்த ஒகேனக்கல் குடிநீர் 2013-இல்தான் தொடங்கியது. அதற்குள் எனக்குப் பல் முளைத்து முடிந்துவிட்டது. அபடைட்டில் ஒன்றாக இருந்த இரண்டில் ஃப்ளோரைடு தண்ணீரோடு ஊர் சுற்றுகிறது, பாஸ்பரஸ் பக்கத்து மண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

23.02.2025, காலை 5.50

ஏரியிலிருந்து எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கரையோரம் இருபது முப்பது வெள்ளை வயிறு. குத்தகைக்காரர் பேசாமல் நிற்கிறார். இன்று அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பச்சை திரும்பிவிட்டது, செப்டம்பரைவிட அடர்த்தி. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் தானே தின்னும். செத்த பாசி அழுகும்போதும் தின்னும். விடியற்காலையில் மீனுக்கு மிச்சமில்லை.

ஆனால் மழை நின்று இரண்டு மாதம், வயலில் யாரும் டிஏபி போடவில்லை. பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது?

23.02.2025, இரவு 10.30

விடை ஜன்னலில் இருந்தது. டிசம்பரில் வைத்த புட்டியை மறந்தே போயிருந்தேன். மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. உள்ளே சிவப்பு மண் கறுத்துச் சாம்பலாகிவிட்டது. திறந்தேன், அழுகிய முட்டை வாடை. மனைவி புட்டியோடு என்னையும் வெளியே அனுப்பினாள்.

சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன் இரும்பு தன் சிவப்பு உருவத்தை இழந்து கரையத் தொடங்கும். அப்போது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டையும் விட்டுவிடும். ஏரியின் அடியிலும் இதுதான் நடக்கிறது. இத்தனை வருடம் நாங்கள் கட்டிய டெபாசிட்டை ஏரி வெயில் காலத்தில் எடுத்துச் செலவழிக்கிறது. அதாவது, இன்றைக்கே எல்லோரும் டிஏபியை நிறுத்தினாலும் ஏரி சில வருடங்களுக்குப் பச்சையாகவே இருக்கக்கூடும். என் முதல் பதிவைப் படித்துவிட்டு உரக்கடைக்குப் பூட்டுப் போடக் கிளம்பியவர்கள் இதையும் படிக்கவும்.

09.03.2025, மாலை 6.20

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதற்குத்தானே பட்டி போடுவோம்" என்றாள். கோனார் மந்தை பகலெல்லாம் கரட்டில் மேயும். ராத்திரி நம் கொல்லையில் பட்டி. வாடகை கேழ்வரகு. ஆடு கரட்டில் தின்ற பாஸ்பரஸைப் புழுக்கையாகக் கொல்லைக்கு இறக்கும். ஓடுகிற தண்ணீரை நம்பாமல், நடக்கிற காலை வைத்துச் செய்த வேலை. கரடு மெலிந்து கொல்லை கொழுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இலவசமாக எதுவும் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். கோடையில் ஏரி மண் அடிப்பார்கள், மாட்டு வண்டியில், ஊர் முழுவதும். நான் சின்ன வயதில் அந்த வண்டியின் பின்னால் தொங்கியிருக்கிறேன். எப்போது நின்றது என்று யோசித்தால், நான் கடையில் சேர்ந்த சமயம்.

04.05.2025, இரவு 9.00

வண்டல் எடுக்க மனு கொடுத்தாகிவிட்டது. தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை. மண்ணுக்குக் காசில்லை, வண்டிக்கு மட்டும். இடையில் ஒரு மேசையில் கோப்பு பத்து நாள் தூங்கியது. எந்த மேசை என்று எழுதப் போவதில்லை.

மாதிரி எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வண்டலில் மணிச்சத்து நடுத்தரமாம். நான் எதிர்பார்த்த புதையல் இல்லை. டிஏபிக்குப் பதில் வண்டல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்ககக் கரிமம் நன்றாக இருக்கிறது, களி இருக்கிறது, ஈரம் பிடிக்கும். மேட்டுக் கொல்லைக்கு அது போதும். கீழ்க் கொல்லைக்கு ஒரு கூடைகூட வேண்டாம். அங்கே இருப்பது வெளியே போகாமல் வரப்பை உயர்த்தி, கழிவாயில் வெட்டிவேர் வைத்திருக்கிறேன்.

11.05.2025, காலை 11.40

இன்று முதல் லோடு. ஏரி நடுவே பாளம் பாளமாக வெடித்த சேறு. ஜேசிபி ஒரு பிடி அள்ளியதும் நத்தைக் கூடுகள், ஒரு செருப்பு, அடுக்கடுக்காகக் கறுப்பும் செம்மையும். நான்கடி ஆழத்தில் ஒரு சாக்கு வந்தது. உதறிப் பார்த்தேன். எழுத்து பாதி அழிந்திருந்தாலும் 18-46 தெரிந்தது. எங்கள் கடையில் விற்றதாக இருக்கலாம். மச்சினன் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

11.05.2025, மாலை 6.50

டிப்பர்காரரிடம் மேட்டுக் கொல்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். மேடு ஏறினால் வண்டி சறுக்கும் என்று எட்டு லோடையும் கீழ்க் கொல்லை வரப்போரம் கொட்டிவிட்டுப் போய்விட்டார். வானம் மேற்கே கறுக்கிறது. மழை வந்தால் அது இரவோடு இரவாக ஏரிக்குத் திரும்பிவிடும். அம்மா இரண்டு அன்னக்கூடையும் ஒரு மண்வெட்டியும் எடுத்து வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து இந்த இழையைப் படிப்பவர்கள் யாராவது சும்மா இருந்தால் கூடையோடு வரவும், டீ உண்டு.